புருவம்

க்ரோனிங்கன் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில்
சைக்கிள்களுக்கு இடம் காட்டுகிறவன் யெல்மர்.
வயது இருபத்துமூன்று.
செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு
வேலைச் சட்டையோடே என் அறைக்கு வருவான்.
கையில் கிரீஸ் வாசனை.

முதல் நாள் நான் நீட்டியது
எல்லோருக்கும் நீட்டுகிற தாள்.
சென்ற வாரம் மனம் எப்படி இருந்தது?
நன்றாக, சுமாராக, மோசமாக.
மோசமாக, என்றான்.
வரிசையைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.
நன்றாக, என்றான்.
நகர்கிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுபோல்
கடைசியாக நிற்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

தாளை மடித்து வைத்தேன்.
படங்கள் கொண்டுவந்தேன். ஐந்து மஞ்சள் முகங்கள்.
ஐந்தும் அவனுக்குப் பிடித்திருந்தன.
நெஞ்சில் பாரமாக இருக்கிறதா என்றேன்.
சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பார்த்து
சாவி மட்டும்தான், என்றான்.

ஐம்பது நிமிடத்தை இருபத்தைந்தாக்கினேன்.
ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல்.
ஒருவேளை, அதாவது, எனினும்,
இவற்றை மழைக்கோட்டோடு சேர்த்து
வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அப்போதும் அவன் ஆம்.
தூக்கம் வருகிறதா? ஆம்.
தூக்கம் வருவதில்லையா? ஆம்.
விடுதியில் யாராவது திட்டுகிறார்களா? ஆம்.
எல்லோரும் அன்பாக இருக்கிறார்களா? ஆம்.

ஒரு நாள், களைப்பில், கொஞ்சம் கோபத்திலும்தான்,
கேட்டுவிட்டேன்:
யெல்மர், நீ ஒரு மீனா?

ஆம்.

ஜன்னலில் மழை. கால்வாயில் ஒரு படகு
பாலம் திறக்கக் காத்திருந்தது.
ஏன் ஆம் என்றாய்?
(ஏன் என்று கேட்கக் கூடாது. மாணவர்களுக்கு
நானே சொல்லிக்கொடுப்பதுதான்.)
படகு போய் முடியும்வரை யோசித்தான்.
நீங்கள் கேட்கும்போது உங்கள் புருவம் ஏறி நிற்கிறது.
ஆம் என்றால் இறங்கிவிடுகிறது.

அவன் போன பிறகு
கைகழுவும் இடத்துக் கண்ணாடியில்
எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன்.
ஏறித்தான் நின்றது.

அதற்கப்புறம் ஆறு வாரம்
மனசைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.
இதில் உப்பு போட்டிருக்கிறேன், என்று சொல்லிவிட்டே
தேநீரை நீட்டினேன்.
குடித்தான். நன்றி சொன்னான்.
மறுவாரமும் குடித்தான்.
மூன்றாம் வாரம் கோப்பையைப் பார்த்தான்,
என் நெற்றியைப் பார்த்தான்,
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வேண்டாம், என்றது ஒரு குரல்,
துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்புகிற கரகரப்பில்.

பிறகு 'அல்ல' வந்தது. இது என் கோட்டு அல்ல.
பிறகு 'இல்லை' வந்தது.
ஹிஸ்கே வருவதில்லை. நவம்பரிலிருந்து இல்லை.
அழவில்லை. மணிபர்ஸிலிருந்து
அக்காவின் படத்தை எடுத்து மேசையில் வைத்தான்,
எனக்கு நேராக, அவனுக்குத் தலைகீழாக.
அன்று இருபத்தைந்து நிமிடம் நாற்பதானது.
நான் பேசியது மொத்தம் ஆறு சொல்.

விடுதிப் பொறுப்பாளர் வில்லெமைன் தொலைபேசியில் வந்தார்:
என்னதான் செய்கிறீர்கள் அவனை?
காலிஃப்ளவர் வேண்டாம் என்கிறான்.
எட்டரைக்குப் படுக்க மாட்டேன் என்கிறான்.
நல்ல பிள்ளையாக இருந்தானே.

போன செவ்வாய். இரண்டு மணி.
இரண்டு நான்குக்குத் தொலைபேசி அடித்தது.

நான் யெல்மர். இன்று வரமாட்டேன்.

நாக்கு நுனிவரை வந்த ஒன்றை விழுங்கினேன்.
சரி, என்றேன்.

புருவம் ஏறியிருக்கிறதா?

தொட்டுப் பார்த்தேன்.
கொஞ்சம்.

பரவாயில்லை, என்று வைத்துவிட்டான்.

காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தில்
வருகை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன்.
அதற்குக் கீழே, காரணம்:

கேட்கவில்லை.